ஆடிப் பதினெட்டு, இரண்டாம் நடை

ஆடி ஒன்றாம் தேதி
அரவேணுவிலிருந்து மாமனார் இறங்கி வந்தார்,
என் வண்டியிலேயே.
சீர்த்தட்டு ஐந்து, தேங்காய் பதினொன்று, முழுப் பலாப்பழம் ஒன்று.
பலாப்பழத்துக்கு லக்கேஜ் போட வேண்டும்.
போட்டேன்.
டிரைவர் போஜன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்:
"மாப்பிள்ளை முறுக்குக்கும் சீட்டுக் கிழிப்பியாப்பா?"

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு ஏறினார்,
அதுவும் என் வண்டி.
வைகாசியில் கட்டிய மஞ்சள் கயிறு
வசுமதியின் கழுத்தில் இன்னும் சாயம் விட்டுக்கொண்டிருந்தது.
அவள் ஜன்னலோரம். நான் படிக்கட்டில்.
நடுவில் நாற்பது பேர்.

அம்மா சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:
ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை.
மேட்டுப்பாளையத்துச் சித்திரை,
தகரக் கூரை, பிள்ளைக்கு வேர்க்குரு, பெற்றவளுக்கு மயக்கம்.
சரி.
ஆனால் சித்திரை பிறந்தால்
கீழ்நாடு மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு
என் வண்டியில்தானே மலை ஏறுகிறது?
நின்றுகொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு,
ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு.
அரவேணுவில் சித்திரை இரவுக்கும் கம்பளி வேண்டும்.
தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதும்
நீ சொன்னதுதானேம்மா?
முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள்
"வண்டிக்கு நேரமாச்சு" என்றாள்.

ஒரு நாளைக்கு மூன்று நடை,
ஏற மூன்று, இறங்க மூன்று,
ஆறு முறை அரவேணு.
குஞ்சப்பனையில் பலா வாசத்துக்கு யானை நிற்கும்,
யானைக்கு நாங்கள் நிற்போம்.
தட்டப்பள்ளம் தாண்டினால் மேகம் கதவு வழியே ஏறும்,
சீட்டு வாங்காது.
அரவேணுவில் ஒரு நிமிடம்.
மருந்துக்கடை, டீக்கடை, கொழுந்துச் சாக்கு ஏற்றும் லாரி,
ஆடிக் காற்றில் திரும்பிக்கொள்ளும் குடைகள்.
அவள் குடை நீலம்.
முதல் வாரம் முழுக்க நீலக் குடை வரவில்லை.
கோபம் என்று நினைத்தேன்.
பிறகு, மறந்துவிட்டாள் என்று.
போன் செய்தால் மாமியார் எடுத்தார்.
"தூங்குறா."
பகல் பதினொன்றரைக்கா?
"தூங்குறா மாப்பிள்ளை."

பதினெட்டாம் பெருக்கு.
பவானியில் புதுக்கயிறு மாற்றத் தாயும் மகளும் ஏறினார்கள்.
வண்டி முழுக்கக் காதோலை, கருகமணி, வெற்றிலை,
நசுங்கிய சாமந்தி.
மாமியார் சில்லறை சரியாகக் கொடுத்தார்,
வாங்கிக்கொண்டேன்.
"எங்க இறங்கணும்?" என்றேன், தெரியாதவன்போல.
வசுமதி சிரித்தாள்.
கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை.
அங்கே கருப்பு இருந்ததையே
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாம் வளைவுக்குள் தூங்கிப்போனாள்.
ஜன்னல் கம்பிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே
மாமியார் உள்ளங்கையை வைத்திருந்தார்.
வளைவுக்கு வளைவு அந்தக் கை இடிபட்டது.
கீழே வரும்வரை எடுக்கவில்லை.
"இன்னும் தீரல" என்றார்,
என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை.

கணக்குப் போட்டேன். என் தொழில் அது.
முதல் வண்டி நாலேகால்.
எனக்குச் சோறு மூன்றரைக்கு.
குழாய்த் தண்ணீர் இரண்டே முக்காலுக்கு.
தம்பி ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு எழப் பதினொன்றரை.
பாத்திரம் அதற்கு அப்புறம்.
வைகாசி, ஆனி.
ஐம்பத்தெட்டு இரவுகள்.
மீதி எவ்வளவு என்று சொல்ல
சீட்டு மெஷினில் பொத்தான் இல்லை.

பவானிப் பாலத்தில் விசில் ஊதவில்லை.
தகரத்தில் விரலால் இரண்டு தட்டு.
போஜன் திரும்பிப் பார்த்தார்,
எப்போதும் இல்லாத மெதுவில் ஓரம் கட்டினார்.

அன்று ராத்திரி தண்ணீர் மோட்டாருக்கு நான் எழுந்தேன்.
பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு.
இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நின்றேன்.
ஸ்விட்ச் எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியவில்லை.